சுக்கான் பூட்டிய மகிழுந்து

நுழையும்முன்

சாலையில் ஓடும் ஒவ்வொரு வகை வண்டிக்கும் முன்னோடியாக ஒரேயொரு வண்டி எங்கோ ஒரு பட்டறையில் உருவாகியிருக்கும். அதனை முன்மாதிரி என்பர். முன்மாதிரிகளுள் சில ஆயிரமாயிரமாய்ப் பெருகும். சில தனித்து நின்று மறையும். அவ்வாறு மறைந்த முன்மாதிரி ஒன்றையும், அதன் தோல்வியைத் தாங்கி மேலெழுந்த ஒரு மனிதரையும் அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

பட்டறையில் ஒரு பிறந்தநாள்

1933ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரிலுள்ள ஒரு பட்டறையில் விந்தையான வண்டி ஒன்றின் பணி நிறைவுற்றது. அதன் நீளம் ஏறத்தாழ ஆறு மீட்டர். முன்புறம் பருத்தும் பின்புறம் கூம்பியும் நீர்த்துளியைப் போன்ற தோற்றம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்றே சக்கரங்கள். ஓட்டுநருடன் பதினொருவர் அமரலாம். அக்காலத்து மகிழுந்துகள் குதிரை வண்டியின் சாயலை இன்னும் முழுதும் விட்டுவிடவில்லை. பெட்டி போன்ற உடலும் துருத்தி நிற்கும் விளக்குகளும் கொண்டிருந்தன. அவற்றின் நடுவே இவ்வண்டி, கடலிலிருந்து கரையேறிய பெருமீன் ஒன்றைப் போல நின்றது. அதனை உருவாக்கியவர் ரிச்சர்டு பக்மின்ஸ்டர் ஃபுல்லர். அன்று அவருக்கு வயது முப்பத்தெட்டு நிறைந்தது.

மங்கிய கண்கள்

ஃபுல்லர் 1895ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்டன் என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்குக் கண்பார்வைக் குறை இருந்தது. அண்மையிலுள்ள பொருள்கள் அவருக்கு வண்ணத் திட்டுகளாகவே தெரிந்தன. நான்கு வயதில் மூக்குக்கண்ணாடி அணிந்த பிறகே மனித முகங்களின் நுண்மையையும் இலைகளின் விளிம்பையும் கண்டார். அதற்கு முன்பாக மழலையர் பள்ளியில் ஆசிரியை ஒருநாள் பல்குத்தும் குச்சிகளையும் ஊறவைத்த பட்டாணிகளையும் தந்து வீடு கட்டச் சொன்னார். பிற குழந்தைகள் தாம் கண்ட வீடுகளைப் போலச் சதுரமாகக் கட்டினர். வீடுகளின் வடிவம் கண்ணுக்குப் புலப்படாத ஃபுல்லர் கைகளால் தடவிப் பார்த்தே கட்டினார். சதுரம் அசைந்து கோணிற்று; முக்கோணம் அசையாமல் நின்றது. ஆகவே முக்கோணங்களாலேயே தம் அமைப்பை முடித்தார். விரல்நுனிகள் கற்ற இப்பாடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவருக்குப் பயன்பட்டது.

மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள பேர் தீவில் அவர்தம் குடும்பம் கோடைக்காலத்தைக் கழிப்பது வழக்கம். அங்குப் படகே ஊர்தி. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பு வலிப்பது சிறுவனுக்குக் கடினமாயிருந்தது. சொறிமீன் தன் குடைபோன்ற உடலைச் சுருக்கி விரித்து நீந்துவதைக் கண்ட அவர், நீண்ட கழியின் முனையில் கூம்பு ஒன்றைப் பொருத்தி நீரை உந்தும் கருவியைச் செய்துகொண்டார். மீனும் பறவையும் படகும் தம் பின்புறத்தைக் கொண்டே திசை திரும்புகின்றன என்பதையும் அத்தீவில்தான் உணர்ந்தார்.

கல்லூரியும் கடற்படையும்

1913ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஃபுல்லர் அங்கு நிலைக்கவில்லை. படிப்பில் நாட்டமின்மையாலும் வரம்பு மீறிய செலவுகளாலும் இருமுறை வெளியேற்றப்பட்டார். இடையில் கனடாவிலுள்ள ஒரு நெசவாலையில் பொறிகளைப் பழுதுநீக்கும் பணியில் ஈடுபட்டார். கையால் தொட்டுக் கற்கும் கல்வி அவருக்கு இனித்தது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, கடலில் கவிழும் வானூர்திகளை மீட்பதற்கான பாரந்தூக்கி ஒன்றை வடிவமைத்தார். கப்பலில் ஒவ்வொரு பொருளின் எடையும் கணக்கிடப்படுகிறது. குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த பயன் பெறப்படுகிறது. நிலத்தில் மட்டும் மனிதர்கள் கனத்த சுவர்களையும் கனத்த வண்டிகளையும் ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும் என்னும் கேள்வி அவருள் அப்போது முளைத்தது. 1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று ஆன் ஹியூலெட் என்னும் பெண்மணியை மணந்தார்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

அவர்களுடைய முதல் மகள் அலெக்சாண்ட்ரா 1918ஆம் ஆண்டில் பிறந்தாள். அடுத்தடுத்து வந்த நோய்கள் அக்குழந்தையை வருத்தின. 1922ஆம் ஆண்டு நவம்பரில், நான்கு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், அவள் இறந்தாள். விளையாட்டுப் போட்டி ஒன்றைக் காணச் சென்றபோது தமக்கு ஒரு சிறு பொருள் வாங்கி வரும்படி மகள் கேட்டதையும், திரும்பி வந்தபோது அவள் நினைவிழந்து கிடந்ததையும், தாம் அப்பொருளை மறந்துவிட்டதையும் ஃபுல்லர் முதுமையிலும் கண்கலங்கிக் கூறுவார். குளிரும் ஈரமும் புகும் வீடுகள் குழந்தைகளின் உயிருக்குக் கேடு என்னும் எண்ணம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

மாமனாருடன் சேர்ந்து இலேசான கட்டடக் கற்களைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். கட்டடங்கள் பல எழுந்தும் வருவாய் சிறக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார். அதே ஆண்டில் இரண்டாம் மகள் அலெக்ரா பிறந்தாள். கையில் பணமில்லை, வேலையில்லை. சிகாகோ நகரில் மிச்சிகன் ஏரிக்கரையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் நின்றதாகவும், தம் வாழ்வு தமக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிந்து திரும்பியதாகவும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். தனிமனிதர் ஒருவர், பொருளும் பதவியும் இன்றி, மனித குலத்துக்கு எவ்வளவு பயன்பட முடியும் என்பதைக் கண்டறியும் ஆய்வாகவே தம் எஞ்சிய வாழ்வை அமைத்துக்கொண்டார். அவ்வாய்வின் சோதனைப்பொருளும் அவரே.

பெயர் பிறந்த கதை

முதலில் அவர் சிந்தித்தது வீட்டைப் பற்றியே. நடுவே நிறுத்திய கம்பத்திலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்பட்ட அறுகோண வீடு ஒன்றை வடிவமைத்தார். தொழிற்சாலையில் செய்து வேண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்லத்தக்க வீடு அது. 1929ஆம் ஆண்டில் சிகாகோவின் பெரிய அங்காடி ஒன்றில் அதன் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. அங்காடியின் விளம்பர எழுத்தாளர் ஒருவர், ஃபுல்லரின் பேச்சில் அடிக்கடி வந்த ஆங்கிலச் சொற்களின் துண்டுகளை இணைத்து டைமாக்சியன் என்னும் புதுச்சொல்லை ஆக்கித் தந்தார். இயக்கம், உச்சம், இழுவிசை என்னும் மூன்று கருத்துகளும் அதில் அடங்கின. ஃபுல்லர் தம் படைப்புகளுக்கெல்லாம் அதனையே பெயராகச் சூட்டினார்.

எங்கும் நிறுவத்தக்க வீட்டுக்கு எங்கும் செல்லத்தக்க ஊர்தியும் வேண்டும். வாத்து நிலத்தில் நடக்கும், நீரில் நீந்தும், வானில் பறக்கும். அதுபோன்ற ஊர்தி ஒன்றை அவர் தாளில் வரைந்தார். பறப்பதற்கு வேண்டிய இயந்திரங்களும் உலோகங்களும் அன்று இல்லை. எனவே அவ்வூர்தி தரையில் எவ்வாறு ஓடும் என்பதை மட்டும் முதலில் சோதிக்கத் துணிந்தார். ஆகவே டைமாக்சியன் மகிழுந்து, என்றோ பறக்கவிருந்த ஊர்தி ஒன்றின் தரைச்சோதனையே ஆகும்.

படகு கட்டுநரும் வண்டியும்

1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொருளாதாரப் பெருவீழ்ச்சி உச்சத்தில் இருந்த காலம். வங்கிகள் மூடிக்கிடந்தன. அத்தகைய நாளில் நண்பர் ஒருவர் அளித்த பொருளுதவியுடன் ஃபுல்லர் பட்டறையைத் திறந்தார். சில பணியிடங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்து நின்றனர். முப்பதுக்கும் குறைவானோரே அமர்த்தப்பட்டனர். தலைமைப் பொறியாளராக அவர் தேர்ந்துகொண்டவர் ஸ்டார்லிங் பர்ஜெஸ். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் படகோட்டப் போட்டியில் வென்ற எண்டர்பிரைஸ் என்னும் பாய்மரப் படகை வடிவமைத்தவர் அவர். சிற்பி இசாமு நொகுச்சி வண்டியின் வடிவத்தைச் சுதைமாவில் செய்து பார்க்க உதவினார்.

படகு கட்டும் முறையிலேயே வண்டியும் உருவாயிற்று. மரச்சட்டங்களின்மேல் அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு உருளை இயந்திரம் பின்புறம் அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றியது. பின்புறத்து ஒற்றைச் சக்கரமே, கப்பலின் சுக்கானைப் போல, வண்டியைத் திருப்பியது. ஓட்டுநரின் திசைமாற்றி வளையத்திலிருந்து அச்சக்கரத்துக்குக் கம்பிவடங்கள் சென்றன. பின்னால் வருவனவற்றைப் பார்க்க நீர்மூழ்கிக் கப்பலில் உள்ளதைப் போன்ற பெரிஸ்கோப் கூரையில் வைக்கப்பட்டது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமாதலால் குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு செல்லும் என ஃபுல்லர் எதிர்பார்த்தார்.

நின்ற இடத்திலேயே அவ்வண்டி வட்டமடிக்கும். குறுகிய இடத்தில் மூக்கை நுழைத்து, வாலைப் பக்கவாட்டில் வீசி, எளிதாக நின்றுவிடும். அது சென்ற தெருக்களிலெல்லாம் மக்கள் திரண்டனர்.

சிகாகோவில் நேர்ந்த துயரம்

முதல் வண்டியைக் கல்ஃப் எண்ணெய் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு சிகாகோவில் நூற்றாண்டு முன்னேற்றம் என்னும் பெயரில் உலகக் கண்காட்சி நடைபெற்றுவந்தது. அக்டோபர் 27ஆம் நாள், ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த வானூர்தி வல்லுநர் இருவரை ஏற்றிக்கொண்டு அவ்வண்டி கண்காட்சித் திடலுக்கு அருகே விரைந்தது. வேறொரு மகிழுந்து மோத, அது கவிழ்ந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். பயணியர் இருவரும் படுகாயமுற்றனர்.

மோதிய மகிழுந்து நகரப் பூங்காத் துறையின் உயர்பொறுப்பாளர் ஒருவருக்கு உரியது. செய்தியாளர்கள் வருவதற்குள் அது அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டது. எஞ்சிக் கிடந்தது விந்தை வண்டி மட்டுமே. மறுநாள் நாளிதழ்கள், மூன்று சக்கர வண்டி தானே கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றதாக எழுதின. காயமுற்ற பயணி உடல்தேறிய பிறகே முறையான விசாரணை நடைபெற்றது. இரு வண்டிகளின் மோதலே விபத்துக்குக் காரணம் என்றும், வண்டியின் வடிவமைப்பு காரணமன்று என்றும் அது முடிவு கூறியது. அதற்குள் பழி ஊரெங்கும் பரவிவிட்டது. பழி பரவிய அளவுக்குத் தீர்ப்புப் பரவவில்லை.

குறையும் நிறையும்

விசாரணை வண்டியை விடுவித்தது உண்மை. ஆயினும் அவ்வண்டியிடம் குறையே இல்லை என்று கூற இயலாது. முன்சக்கரங்களால் திரும்பும் வண்டியில், பிடி தளர்ந்தால் சக்கரங்கள் தாமாகவே நேர்ப்படும். பின்சக்கரத்தால் திரும்பும் வண்டிக்கு அவ்வியல்பு அரிது. அதன் சிறு திருப்பம் பெருந்திருப்பமாக வளரக்கூடும். வேகம் கூடும்போது அதன் வடிவமே பின்புறத்தை மேலே தூக்க முனைந்தது. தரையை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஒற்றைச் சக்கரம் பிடிப்பை இழந்தது. பக்கவாட்டில் வீசும் காற்று வண்டியைத் தள்ளிச் சென்றது. கப்பலின் உடலை நீர் தழுவித் தாங்குகிறது. வண்டியைத் தாங்குவன சக்கரங்கள் தரையைத் தொடும் மூன்று சிறு இடங்களே. கடலில் மெய்யான ஒன்று சாலையிலும் அவ்வாறே மெய்யாகிவிடாது.

இக்குறைகளை ஃபுல்லர் அறிந்தே இருந்தார். காற்று மிகுந்த நாள்களிலும் சாலை ஈரமாயிருக்கும் நாள்களிலும் வண்டியை எடுப்பதைத் தவிர்த்தார். பயிற்சி பெறாதவரிடம் அதனை ஒப்படைக்கவில்லை. 1934ஆம் ஆண்டில் செய்த மூன்றாம் வண்டியின் கூரைமேல், காற்றுக்கு அசையாதிருக்கும் பொருட்டு மீன்துடுப்புப் போன்ற தகடு ஒன்றைப் பொருத்தினார். தம் குடும்பத்தின் வழியாக வந்த பணத்தையும் அவ்வண்டியை முடிப்பதற்கே செலவிட்டார். இரண்டாம் ஆண்டாகத் தொடர்ந்த சிகாகோ கண்காட்சியில் அது இடம்பெற்றது. பார்த்தவர்கள் வியந்தனர், முதலீடு செய்ய ஒருவரும் முன்வரவில்லை. பட்டறை மூடப்பட்டது. டைமாக்சியன் வண்டிகளின் எண்ணிக்கை மூன்றோடு நின்றது.

முதல் வண்டி தீக்கிரையாயிற்று. மூன்றாவது பழைய இரும்போடு இரும்பாகப் போயிற்று. இரண்டாவது, பல கைகள் மாறி, அரிசோனா மாநிலப் பண்ணை ஒன்றில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்து 1968ஆம் ஆண்டில் மாணவர்களால் கண்டெடுக்கப்பட்டது. இன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரிலுள்ள தேசிய மகிழுந்து அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

மீண்டெழுந்த முக்கோணம்

பிழைகளை மறைக்கும் வழக்கம் ஃபுல்லரிடம் இல்லை. கடிதங்கள், வரைபடங்கள், கடன் பற்றுச்சீட்டுகள், செய்தித்தாள் நறுக்குகள் என அனைத்தையும் நாள்வரிசையில் தொகுத்து வைத்தார். வெற்றியும் வீழ்ச்சியும் ஒரே கட்டில் பிணைந்திருந்த அத்தொகுப்பு இப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1948ஆம் ஆண்டில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில், மாணவர்களுடன் சேர்ந்து மெல்லிய தகட்டுப் பட்டைகளால் பெரிய குவிமாடம் ஒன்றை எழுப்ப முயன்றார். அது எழவில்லை, தரையிலேயே துவண்டு கிடந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் வந்து, வேறு பொருள்களைக் கொண்டு அங்கேயே குவிமாடத்தை நிற்கச் செய்தார். முக்கோணங்களைக் கோளத்தின்மேல் பின்னி அமைக்கும் இம்முறை ஜியோடெசிக் குவிமாடம் எனப் பெயர் பெற்றது. மழலையர் பள்ளியில் பட்டாணியும் குச்சியும் கற்பித்த பாடமே அதன் அடிப்படை.

அதற்குக் கிடைத்த முதற்பெரும் வாய்ப்பு, மகிழுந்து நிறுவனம் ஒன்றிடமிருந்தே வந்தது. டியர்பார்ன் நகரில் ஃபோர்டு நிறுவனத்துக்கு வட்டவடிவ மண்டபம் ஒன்று இருந்தது. அதன் நடுமுற்றத்துக்குக் கூரை வேண்டியிருந்தது. வழக்கமான எஃகுக் கூரையின் எடையை அச்சுவர்கள் தாங்கா எனப் பொறியாளர்கள் கைவிரித்தனர். 1953ஆம் ஆண்டில் ஃபுல்லர் அலுமினியக் கழிகளால், ஏறத்தாழ 28 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை அதன்மேல் அமைத்தார். அதன் எடை பத்து டன்னுக்கும் குறைவு. அம்மண்டபம் முதன்முதலில் எழுந்த இடம் டியர்பார்ன் அன்று. 1934ஆம் ஆண்டில் சிகாகோ கண்காட்சிக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் இடம்பெயர்க்கப்பட்டது அது. மூன்றாம் வண்டி இடம்பெற்ற அதே கண்காட்சியின் கட்டடத்துக்கு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் முடி சூட்டினார்.

1967ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் அவர் எழுப்பிய 76 மீட்டர் விட்டமுள்ள கோளம் உலகோர் கண்களை ஈர்த்தது. 1969ஆம் ஆண்டில் புதுதில்லிக்கு வந்து ஜவகர்லால் நேரு நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். புவியை ஒரு விண்கலமாகவும் மாந்தரனைவரையும் அதன் மாலுமிகளாகவும் கருதிய அவர், இருக்கும் வளத்தைச் செம்மையாகப் பயன்படுத்தினால் எவரும் வறியவராக இருக்க வேண்டியதில்லை என ஊர்தோறும் எடுத்துரைத்தார்.

பின்சக்கரத்தின் பாடம்

1983ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த மனைவியின் படுக்கையருகே இருந்தபோது ஃபுல்லர் மாரடைப்பால் மறைந்தார். ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்த ஆன் அம்மையார், முப்பத்தாறு மணிநேரத்தில் அவரைப் பின்தொடர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அறுபது கார்பன் அணுக்கள் கோளமாகப் பிணைந்த மூலக்கூறு ஒன்றை அறிவியலறிஞர்கள் கண்டறிந்தனர். அதன் வடிவம் ஃபுல்லரின் குவிமாடங்களை நினைவூட்டியமையால் அதற்குப் பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன் எனப் பெயரிட்டனர். வேதியியல் நூல்களில் இன்று மாணவர்கள் படிக்கும் ஃபுல்லரீன் என்னும் சொல்லில் அவர் வாழ்கிறார்.

அவருடன் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர், 2010ஆம் ஆண்டில் டைமாக்சியன் வண்டியின் மறுபடி ஒன்றைச் செய்வித்தார். அழிந்த வண்டியிடமிருந்தும் கற்பதற்கு உண்டு என்பதற்கு அது சான்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் உள்ள ஃபுல்லரின் கல்லறையில் டிரிம்டேப் என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. பெருங்கப்பலின் சுக்கானைத் திருப்புவது கடினம். ஆகவே சுக்கானின் விளிம்பில் சிறு தகடு ஒன்றைப் பொருத்துவர். அத்தகடு சற்றே அசைந்தால் நீரின் அழுத்தம் மாறிச் சுக்கான் திரும்பும். சுக்கான் திரும்பினால் கப்பல் திரும்பும். தனிமனிதர் ஒவ்வொருவரும் அச்சிறு தகடாக இருக்க இயலும் என்பதே அவர் நம்பிக்கை. சாலையில் ஓடிய மூன்று வண்டிகளைத் திருப்புவதற்கு அவர் பூட்டிய சுக்கான் முழுதும் பயன்தரவில்லை. ஏரிக்கரையில் நின்ற ஒரு மனிதரின் வாழ்வைத் திருப்புவதற்கு அக்கருத்தே போதுமானதாயிருந்தது.